கல்நார்த் தலையணை

மார்ச் 4

என் மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குக் கோபம் வரும், தெரியும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பத்து வரி மட்டும் படி. அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ இங்கிருந்து எடுத்துக்கொண்டு போன நீலக்கோடு போட்ட தலையணையைக் குழந்தைக்கு வைக்காதே. நீயும் அதில் தலை வைக்காதே. அதை உதறாதே, தட்டாதே, உறையைக் கழற்றாதே. மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு கனமான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டு. அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி வீட்டுக்கு வெளியே வைத்துவிடு. அது இருந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பைக்குள் போட்டுவிடு.

அதற்குள் இருப்பது பருத்திப் பஞ்சு இல்லை. அப்பா வேலை பார்த்த மின் நிலையத்தில் கொதிகலன் குழாய்களுக்குச் சூடு வெளியே போகாமல் சுற்றுவார்களே, அந்தக் கல்நார்ப் பஞ்சு. ஆஸ்பெஸ்டாஸ். நீ பிறந்த வருஷம் அப்பா ஒரு சாக்குப்பையில் கொண்டுவந்தார். மிச்சம் விழுந்தது, எல்லோரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். அவரோடு வேலை பார்த்த மொட்டையண்ணன் வீட்டில் அதில் மெத்தையே தைத்தார்கள். வெள்ளை வெளேரென்று அவ்வளவு அழகாக இருந்தது. பூச்சி அரிக்காது, வேர்வை நாற்றம் பிடிக்காது, பிள்ளை தலைக்குக் குளிர்ச்சி என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. நான்தான் உட்கார்ந்து கையால் பிரித்துப் பிரித்து அடைத்தேன். நீல நூல் தீர்ந்துபோய் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு நூல் ஓட்டினேன். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள் சொந்த மகளுக்கு இப்படித் தைத்திருக்கிறாளே என்று உன் பெரியம்மா கேலி செய்தாள்.

ஒரு தடவை விளக்குச் சாய்ந்து அந்தத் தலையணை மேல் விழுந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. உறை கருகிப்போனது. உள்ளே இருந்த பஞ்சு ஒரு இழைகூடக் கருகவில்லை. நான் வேறு உறை போட்டேன், அதே நீலக்கோட்டுத் துணியில். அது கெட்டுப்போகாத சாமான் என்று சந்தோஷப்பட்டோம். கெட்டுப்போகாத சாமானை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாருக்குத் தோன்றும்.

இப்போது அந்தப் பஞ்சால் அப்பாவுக்கு நோய் வந்திருக்கிறது. இந்த வரியைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய். சிரி. சிரித்துவிட்டு மேலே படி.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் போனில் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, இடது பக்கம் நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறதாம், டாக்டர் கையை விரித்துவிட்டார், உடனே புறப்பட்டு வா என்றேன். அத்தனையும் பொய். நீ கல்யாணம் செய்துகொண்டு போய் ஐந்து மாசம் உன் குரலைக் கேட்காமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது, அதனால் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது. நீ இரண்டு பஸ் மாறி, ரயில் ஏறி, அழுது வீங்கின முகத்தோடு வந்து நின்றாய். அவர் ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் உன் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அப்பா அதற்கப்புறம் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால் என் பொய்தான் உன்னை வரவழைத்தது. என் பொய்தான் அந்தத் தலையணையை உன் கையில் கொடுத்தனுப்பியது. இந்த நாலைந்து நாளாக இதை நினைக்காத நேரம் இல்லை.

போன ஜனவரியில் அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இடது பக்கம் நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார். நான் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். என் குரலை யாரோ நாலு வருஷம் எடுத்து வைத்திருந்து அந்த அறையில் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நீ நம்ப மாட்டாய் என்பதால் விவரமாக எழுதுகிறேன். அங்கே எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். ஒரு தையல்காரி இதையெல்லாம் கற்பனை செய்ய முடியுமா என்று நீயே யோசி. நோயின் பெயர் மீசோதெலியோமா. ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். நுரையீரலைச் சுற்றி, உள்துணி வைத்துத் தைத்த சட்டை மாதிரி இரண்டு மடிப்பாக ஓர் உறை உண்டாம். மூச்சோடு போன கல்நார் இழை அந்த உறையில் குத்தி நின்று முப்பது நாற்பது வருஷம் சும்மா இருக்குமாம். பிறகு ஒருநாள் ஆரம்பிக்குமாம்.

நாலு நிலை. முதல் நிலையில் ஒரு பக்கத்து உறையோடு நிற்கும். ஆள் திடமாக இருந்தால் ஆப்பரேஷன் செய்து உறையை உரித்து எடுப்பார்கள், கூடவே மருந்தும் ஏற்றுவார்கள். அதிலும் டாக்டர்களுக்குள் இரண்டு கட்சி, உரிப்பதால் ஆயுள் கூடுகிறதா என்பதே சந்தேகம் என்கிறவர்களும் உண்டாம். இரண்டாம் நிலையில் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கும், அப்போதும் சிலருக்கு மட்டும் ஆப்பரேஷன் பற்றிப் பேசுவார்கள். மூன்றில் நெஞ்சுச் சுவருக்குள் போயிருக்கும். நாலில் மறுபக்கம், வயிறு, எலும்பு என்று பரவியிருக்கும். மூன்றுக்கும் நாலுக்கும் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை, மருந்துதான். அப்பாவுக்கு மூன்று. குணப்படுத்த முடியாது, தள்ளிப்போடலாம், கஷ்டத்தைக் குறைக்கலாம் என்று புற்றுநோய் டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். மழுப்பாமல் சொன்னதற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

விலாவில் ஓட்டை போட்டுக் காமிரா விட்டுச் சதை எடுத்தார்கள். அப்போதே தண்ணீர் மறுபடி சேராமல் இருக்க நெஞ்சுக்குள் ஒரு பொடியைத் தூவி அந்த இரண்டு மடிப்பையும் ஒட்டவைத்தார்கள். என்ன பொடி என்று கேட்டேன். சுத்தமான டால்க் பொடி, வெள்ளையாக இருக்கும் என்றாள் நர்ஸ். வெள்ளைத் தூசியால் வந்ததற்கு இன்னொரு வெள்ளைத் தூசியா என்று கேட்டதற்கு, அது வேறம்மா, இது வேறம்மா என்றாள். வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் நடந்தும் தலையணை எனக்கு ஞாபகம் வரவில்லை, அதுதான் கொடுமை. போன வெள்ளிக்கிழமை தபால்காரர் மகள், உன் பள்ளித் தோழி, அப்பாவைப் பார்க்க வந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் வைத்துத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு ஒரு பேரக்குழந்தை இருப்பதே தெரியும். ஆறு மாசமாம். கடல் தாண்டிப் போகும்போதும் அந்தத் தலையணையை விடாமல் எடுத்துப் போனாயாம், குழந்தை அதில் படுத்தால்தான் தூங்குகிறதாம். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தேன். மூலையில் தையல் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் குழந்தையின் விரல் இருக்கிறது.

உடனே உனக்குச் சொல்லச் சொன்னேன். அவளும் அனுப்பினாள். அம்மாவுக்கு இந்தத் தடவை தண்ணீர் போதலையா, புற்றுநோயா, அந்தத் தலையணையைக்கூடத் திருப்பி வாங்கணுமா என்று நீ பதில் போட்டாயாம். அதோடு அவள் அழைப்பையும் எடுப்பதில்லையாம். உன்மேல் தப்பில்லை. ஒரு தடவை ஏமாந்தவள் நீ.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். குழந்தைக்கு எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம், அதை அப்புறப்படுத்துவதுதான் மருந்து என்றார். நீ மட்டும் உன் டாக்டரிடம் ஒரு தடவை சொல்லி எழுதி வைத்துக்கொள். உனக்கு மனசு வந்தால் ஒருமுறை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
அம்மா

மார்ச் 27

என் மகளுக்கு,

போன கடிதம் கிடைத்ததோ இல்லையோ. தலையணையை இரண்டு பைக்குள் கட்டி வெளியே வைத்துவிட்டாயா? அதை மட்டும் ஒரு வரி எழுது. கடுதாசியில் திட்டியே எழுது, பரவாயில்லை, கட்டிவிட்டேன் என்ற வார்த்தை அதில் இருந்தால் போதும்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டின் நகலும் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு எந்த மருந்து என்று இரண்டு யோசனை இருந்தது. ஒன்று கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மருந்து சேர்த்து ஏற்றுவது, உடம்பு தாங்குவதற்காக முன்கூட்டியே வைட்டமின் மாத்திரையும் ஊசியும் உண்டு. இன்னொன்று, உடம்பில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பி நோயோடு சண்டை போட வைக்கிற புது மருந்து. நோயில் செல்லைப் பொறுத்து வகை இருக்கிறதாம். அப்பாவுடையது நூல் நூற்கிற கதிர் மாதிரி நீண்ட செல், பொல்லாத வகை, அதற்கு இரண்டாவதுதான் கொஞ்சம் கேட்கும் என்றார் டாக்டரம்மா. அப்பா கேட்ட ஒரே கேள்வி, அது தூங்கிக்கிட்டு இருக்கிற சக்தியா, அப்போ முப்பத்தேழு வருஷமா ஒரு தடவை கூட முழிச்சுப் பாக்கலியா என்பதுதான். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

மருந்து ஏற்றும் அறை நீளமானது. ஜன்னல் ஓரமாக எட்டு சாய்வு நாற்காலி. அப்பாவுக்கு இரண்டாவது நாற்காலி கொடுத்தார்கள். உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதல் நாற்காலியில் மொட்டையண்ணன். எலும்பும் தோலுமாக இருந்தார். இவர்கள் பேச ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆகவில்லை, மூன்றாவது நாற்காலிக்கு ஒரு நெட்டை மனிதரைக் கூட்டி வந்தார்கள். ஏணி. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு விட்டத்தைத் தொட வைப்பாரே, அவர்தான். மூன்று பேரும் பதினோரு வருஷமாக ஒருவரையொருவர் பார்த்ததில்லை. யாரும் சொல்லி வைத்து வரவில்லை. டோக்கன் வரிசைப்படி உட்கார வைத்தோம் என்றாள் நர்ஸ்.

மூன்றாம் கொதிகலன் சாரத்தில் இதே வரிசையில்தானே நின்னோம் என்றார் அப்பா.

ஏணிக்கு முதல் நிலையிலேயே கண்டுபிடித்து உறையை உரித்துவிட்டார்கள், இப்போது கீமோ. மொட்டையண்ணனுக்கு நாலாவது நிலை, மருந்தை நிறுத்திவிட்டார்கள், எலும்பு வலிக்குக் கதிர்வீச்சுக் கொடுத்துவிட்டு, ரத்தம் ஏற்ற உட்கார்த்தியிருந்தார்கள். ஒரே தூசி, ஒரே சாரம், மூன்று நாற்காலி, மூன்று விதம். அந்தக் கூட்டத்தில் நாலாவது ஆள் அவர்களுடைய மேஸ்திரி. தூசிதானே, ஒரு டம்ளர் பால் குடிச்சா கழுவிக்கிட்டுப் போயிடும் என்று தினமும் எல்லோருக்கும் பால் வாங்கிக் கொடுப்பார். நல்ல மனிதர். போன வருஷம் காசநோய் என்று சொல்லித்தான் இறந்துபோனார். நாலாவது நாற்காலியை நர்ஸ் துடைத்து, விரிப்பு மாற்றி, ஒரு டோக்கன் நம்பரை இரண்டு தடவை கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மட்டும் அந்த நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு ஒரு பெண் வந்து அப்பாவின் வேலை விவரங்களை எழுதிக்கொண்டாள். எந்த வருஷம், எந்தக் கொதிகலன், முகமூடி உண்டா. கடைசியாக, வீட்டுக்கு ஏதாவது எடுத்துட்டு வந்தீங்களா ஐயா என்று கேட்டாள். அப்பா, போட்டிருந்த துணிமணிதாம்மா என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் தலையணை ஞாபகம் வந்துவிட்டது என்று. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நீ எடுத்துப்போனதை அவர் ஸ்டூல் மேலிருந்து பார்த்தவர்தானே. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, ஆனால் வேறு எதைப் பேசினாலும் அது அறைக்குள்ளேயே இருக்கிறது.

அவருடைய வேலைத் துணியை முப்பது வருஷம் துவைத்ததால் எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை. இந்த இப்போதைக்கு என்ற வார்த்தையைத்தான் நான் இரண்டு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக அவர் கட்டில் மேல் வெயில் விழும். அதில் தூசி மிதக்கும், எல்லா வீட்டிலும் மிதப்பதுதான். அவர் அதையே பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொள்வார், நோயாளி செய்யக்கூடிய காரியமா அது. நான் ஈரத்துணியால் தரை, சுவர், அலமாரி எல்லாம் துடைத்தேன். மறுநாளும் அதே நேரம், அதே அளவு தூசி. திரை போட்டுவிட்டேன். இப்போது திரைக்குப் பின்னால் அது இருக்கிறது என்று இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் நெஞ்சில் காதை வைத்தால் புதுத் தோல்செருப்பு நடக்கிற சத்தம் கேட்கிறது. உள்ளே யாரோ நடந்துகொண்டே இருக்கிற மாதிரி. நீ சின்ன வயசில் அந்த நெஞ்சில் படுத்துத்தான் தூங்குவாய். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயேன். நீ கல்யாணம் செய்துகொண்டு போனபோது வாசல்படி மிதிக்காதே என்று அவர் சொன்னதை அவரே இப்போது மறந்துவிட்டார். சிட்டு எந்தப் பஸ்ஸில் வர்றா என்று கேட்கிறார்.

உன் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க மறந்துவிட்டேன். நல்லபடியாக இருக்கட்டும்.

அம்மா

ஏப்ரல் 16

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. மாப்பிள்ளை என்று உங்களை எழுதுவது இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் எழுதாததற்கு என்னை மன்னிக்க வேண்டும். முகவரியைத் தபால்காரர் மகளை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்து உங்கள் வீட்டுக்குள் வராது என்று தெரிந்துவிட்டது. மகளுக்கு எழுதின முதல் கடிதம் வாங்க மறுத்தார் என்ற முத்திரையோடு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது.

நீங்கள் மெக்கானிக். உங்களிடம் சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய பிரேக் கட்டைத் தூசியை ஊதக் கூடாது, கல்நார் இருக்கும் என்று உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அதே சாமான்தான் உங்கள் குழந்தையின் தலையணைக்குள் இருக்கிறது. நான் கையால் அடைத்தது. மூலையில் தையல் விட்டிருக்கிறது. தயவுசெய்து அதன்மேல் தண்ணீர் தெளித்து, உதறாமல், இரண்டு பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். குப்பையில் போட வேண்டாம். கல்நாரை வாங்கிக்கொள்ள உங்கள் ஊரில் ஓர் அலுவலகம் கட்டாயம் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார். உறைக்கு உள்ளேயே இருக்கிறவரை பயம் குறைவு, கிழிந்தால்தான் ஆபத்து என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன்.

கிரீஸ் கையோட என் வாசல்ல வந்து நிக்காதே என்று உங்களிடம் அன்று உங்கள் மாமனார் சொன்னார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. உங்கள் கையில் இருந்த கறுப்பு சோப்புப் போட்டால் போகிற கறுப்பு. இவர் பளிச்சென்று வெள்ளையாக வீட்டுக்கு வந்து, கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். எங்கள் இரண்டு பேருக்கும் எது அழுக்கு என்றே தெரியாமல் போய்விட்டது.

மாமனார் நிலைமை இது. புது மருந்து இரண்டு தடவை ஏற்றினார்கள். எழுப்பிவிட்ட சக்தி நோயை விட்டுவிட்டு அவர் குடலோடு சண்டை போட ஆரம்பித்தது. நிறுத்திவிட்டார்கள். ஸ்கேனில் நோய் வளர்ந்திருக்கிறது, வயிற்றுப் பக்கமும் இறங்கிவிட்டது. நாலாம் நிலை. கீமோவை இந்த உடம்பு தாங்காது. பொடி தூவியும் தண்ணீர் சேர்ந்ததால் விலாவில் ஒரு குழாயை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் நானே வீட்டில் பாட்டிலை மாட்டித் தண்ணீரை இறக்குகிறேன். ஆயுசு பூரா குழாய்க்குச் சட்டை மாட்டினேன், இப்போ எனக்கே குழாய் மாட்டிட்டாங்க பாத்தியா என்றார். அது அவர் கடைசியாக அடித்த ஜோக். காமிரா விட்ட இடத்தில் முளைத்த கட்டிக்கு வலி குறையக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் திரவம், முகத்துக்கு நேராக ஒரு சின்ன விசிறி. வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள். இனி நாளைக் கூட்டுவது எங்கள் வேலை இல்லை, இருக்கிற நாளைச் சிரமமில்லாமல் ஆக்குவதுதான் என்று சொன்னாள்.

இனி எழுதப்போவதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் ஒருமுறை பொய் சொன்னவள்.

நாலு நாளாக அவர் கைகள் சும்மா இருப்பதில்லை. இல்லாத குழாயைச் சுற்றிப் பஞ்சு வைக்கிறார், நனைக்கிறார், துணியைச் சுற்றி இழுத்துக் கட்டுகிறார். வேலை சுத்தம், ஒரு சுற்று தப்புவதில்லை. மருந்தின் வேகம், இப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸ். நேற்று மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் புள்ளைய அந்தப் பக்கம் தூக்கு, தூசி பறக்குது என்றார். கட்டிலின் கால்மாட்டில், சுவர் மூலையில், குழந்தை இருக்கிறதாம். சிட்டுவா என்று கேட்டேன். மகளைத்தான் அப்படிக் கூப்பிடுவார். சிட்டு இல்லை, இது வேற, இன்னும் உக்காரக்கூடத் தெரியலை, தலையணையில கிடக்குது, நூலைப் பிடிச்சு இழுக்குது பாரு என்றார்.

மாப்பிள்ளை, உங்களுக்குக் குழந்தை பிறந்திருப்பதை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. படத்தைப் பார்த்தது நானும் தபால்காரர் மகளும் மட்டும்தான்.

நான் அந்த மூலைக்குப் போய்க் குனிந்து, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன். கை கனத்தது. சத்தியமாகக் கனத்தது. திரும்பி வந்தபோது அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்று காலையில் மறுபடியும் அதே மூலையைக் காட்டுகிறார்.

நான் வாயால் சொன்னது நாலு வருஷம் கழித்துப் பலித்தது. அதனால் இப்போது எதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது, அவர் சொல்வதைக் கேட்கவும் பயமாக இருக்கிறது. என் மகளை அனுப்பி வைக்க முடியுமானால் அனுப்பி வையுங்கள். டாக்டரம்மா வாரக்கணக்கில்தான் பேசுகிறார்.

உங்களுக்கு நல்ல மனசு என்று தபால்காரர் மகள் சொன்னாள். நீடூழி வாழ வேண்டும்.

உங்கள் மாமியார்

மே 3

(தபால் கார்டு)

மகளுக்கு,

இரண்டாவது கடிதமும் பிரிக்காமல் திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்கு எழுதினது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அதனால் கார்டு. இதைப் பிரிக்க வேண்டியதில்லை. தபால்காரர் படிக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டும், யாராவது ஒருவர் உன்னிடம் சொல்லட்டும். வீட்டு விஷயத்தை வெளியே விடமாட்டேன் என்று இருந்தவள் நான், அந்த வீம்பெல்லாம் முடிந்துபோனது.

திரும்பி வந்த கடிதங்களை நானே பிரித்து, நீயாக இருந்து படித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வா, வா என்றுதான் எழுதியிருக்கிறேன். அன்று போனில் பேசினவள்தான் அதில் பேசுகிறாள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதனால் இப்போது சொல்கிறேன். நீ வர வேண்டாம். வந்தாலும் வீடு பூட்டியிருக்கும். உன்னிடம் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். அதில் இருப்பது கல்நார், மூலை கிழிந்திருக்கிறது. கல்நார் குழந்தைக்கு நல்லதா என்று அங்கே முன்பின் தெரியாத யாரிடமாவது கேள். என்னை நம்பாதே, அவர்களை நம்பு. நனைத்து, இரண்டு பையில் கட்டி, இன்றைக்கே வெளியே வை.

அப்பாவுக்கு நோய் என்று யாராவது சொன்னால் அது நான் கிளப்பிவிட்ட பொய். அவர் சௌக்கியமாக இருக்கிறார். நன்றாக மூச்சு விடுகிறார். உன்னைக் கேட்கவே இல்லை.

குழந்தைக்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம்.

அம்மா